ஏழாம் நம்பர் படத்தின் மேகம்

அந்தமான் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும், பிரெஞ்சுக்காரன் செப்புத் தகட்டில் செய்து அச்சடித்த படத்தைப் பார்த்து, இது திராவகத்தில் வெந்தது, இது ஊசியால் கீறியது என்று பிரித்துச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்ல எனக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சாந்துச் சட்டி தூக்கக் கப்பலேறி வந்தவன். போர்ட்பிளேரில் இன்றைக்கு நிற்கிற சர்க்கார் குவார்ட்டர்ஸில் பாதிக்குக் கூரைத் தகரம் போட்டது என் ஆட்கள். ஜங்லிகாட்டில் மரப்பட்டறை, அதன் மேலே வீடு, சௌல்தாரியில் தென்னந்தோப்பு, எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. ஒரு கட்டடத்தை வெளியே நின்று பார்த்தே எந்த மூலையில் ஒழுகும் என்று சொல்லிவிடுவேன். சொன்னால் அந்த மூலையில் ஒழுகும்.

அப்பேர்ப்பட்ட எனக்கு, ஒரே ஒரு படத்தின் வலது மூலையில் இருக்கும் கறுப்பு மேகமா பூஞ்சையா என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தப் படத்தை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரி டாக்டரின் குவார்ட்டர்ஸில். ஐம்பதுகளின் கடைசி. டாக்டர் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு தேசத்துக்கே போய்ப் படித்துவிட்டு வந்தவர். அவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அப்போது நான் வெறும் மேஸ்திரி.

இந்தத் தீவில் மழை பிடித்தால் என்ன ஆகும் என்று மெயின்லேண்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கழற்றிப் போட்ட பெல்ட் மறுவாரம் பச்சையாகிவிடும். கல்யாணப் போட்டோவில் பெண்ணுக்கு மீசை முளைக்கும். வெள்ளைக் காகிதம் எதுவானாலும் பொடிப் பொடியாகப் புள்ளி விழும். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணோடு நான் டாக்டர் வீட்டுக் கூடத்துக்குள் போனேன். சுவரில் கண்ணாடி போட்ட படம். ஒரு ஆறு, அதன் மேல் கல் பாலம், பாலத்தில் குடை பிடித்துக்கொண்டு போகிற கூட்டம். வானம், ரோடு, தண்ணீர் எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் நுண்ணிய புள்ளிகள் அப்பிக் கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை.

“டாக்டரய்யா, படம் பூராப் பூஞ்சை புடிச்சுப் போச்சே! கழட்டிக் குடுங்க. வெயில் அடிக்கிற அன்னைக்கு எம் பொஞ்சாதிகிட்டக் குடுத்துத் தொடச்சுக் கொண்டாந்துர்றேன்.”

டாக்டர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்துவிட்டது.

“மேஸ்திரி, அந்தப் பூஞ்சைக்காகத்தான்யா நான் படிக்கிற காலத்துல அரைப் பட்டினி கெடந்தேன்.”

படத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து டாக்டரம்மா கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். அந்தப் புழுக்கத்தில் யாருக்குக் கம்பளி என்று நான் கேட்கவில்லை. எப்போது போனாலும் அந்த அம்மாள் அந்த நாற்காலியில்தான் இருப்பார்.

“நீங்க வாயால சொன்னீங்க. போன வாரம் வேலைக்காரி ஈரத் துணியோட ஸ்டூல்ல ஏறிட்டா. நான் போட்ட சத்தத்துல பக்கத்துக் குவார்ட்டர்ஸ்லேருந்து ஓடி வந்துட்டாங்க” என்றார் அம்மாள்.

கூரை வேலை முடிகிறவரை டாக்டர் எனக்குப் பாடம் நடத்தினார். செப்புத் தகட்டின் மேல், குங்கிலியம் மாதிரி ஒரு பிசினைப் பொடித்துத் தூவிச் சூடு காட்டுவார்களாம். பொடி உருகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். திராவகத்தில் முக்கினால், பொடி ஒட்டாத சந்துகளை மட்டும் அது தின்னும். அந்தப் பள்ளங்களில் மை நின்று காகிதத்தில் இறங்குவதுதான் நான் பார்த்த புள்ளி. அதற்குப் பெயர் அக்வாடின்ட். இன்னொரு வகை இருக்கிறது, டிரைபாயின்ட். திராவகமே கிடையாது. ஊசியால் தகட்டை நேராகக் கீறுகிறான். கீறினால் ஓரத்தில் பிசிறு எழும்பும் அல்லவா, நாங்கள் பட்டறையில் அரம் போட்டு எடுத்துவிடுவோமே, அந்தப் பிசிறை அவன் அப்படியே விட்டுவிடுகிறான். அதில் மை பிடித்துக் கோடு பஞ்சு மாதிரி விழுகிறது. கொஞ்சம் படம் அடித்ததும் பிசிறு நசுங்கிவிடும். அதோடு தகட்டைத் தூர வைத்துவிட வேண்டியதுதான்.

எனக்கு அது பிடித்துப்போனது. ஏன் என்றால் சொல்லத் தெரியாது. உளியும் தகடும் திராவகமும் என்று இருந்ததால் இருக்கலாம். கூரைக்குக் கூலி தந்தபோது, டாக்டர் கூடவே தொப்பி போட்ட ஒரு பெண்ணின் டிரைபாயின்ட் படத்தையும் தந்தார். அதுதான் என் முதல் படம்.

வீட்டில் அதை மாட்டியதும் ஆரம்பித்தது.

“மளிகைக் கடைக்காரன் வருசா வருசம் முருகனை அச்சடிச்சுச் சும்மா தர்றான். கலர்ல. இந்தக் கருப்பிய எதுக்கு நடு வீட்டுல மாட்டுறீங்க?” என்றாள் என் மனைவி.

“அது மெசின்ல அடிச்சது. இது ஒவ்வொண்ணுக்கும் கையால மை தடவி அடிக்கிறது. கீழ பாரு, பென்சில்ல எழுதியிருக்கான். மொத்தம் முப்பது, அதுல இது நாலாவது.”

“அப்ப அசல் எது?”

“முப்பதும் அசல்.”

“நகல் எங்க?”

“நகலே கெடையாது.”

“நகல் இல்லாம அசல் எப்படிங்க இருக்கும்?”

அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள்தான். ஆனால் அன்றைக்கு அவள் கேட்டதை நான் டாக்டரிடம் கொண்டுபோய்க் கேட்டபோது, அவர் மீசையைத் தடவிக்கொண்டே, “ஒவ்வொரு தடவையும் மை தடவுற கை கொஞ்சம் மாறும் மேஸ்திரி. ஒண்ணுல வானம் கறுக்கும், ஒண்ணுல வெளுக்கும். அதனால எல்லாமே அசல்” என்றார். அது எனக்கு அப்போது விளங்கியதுபோல் இருந்தது.

பிறகு ஒருநாள் டாக்டர் அந்தப் பாலத்துப் படத்தைப் பழைய சட்டத்திலிருந்து பிரித்து என் பட்டறைக்கே எடுத்துக்கொண்டு வந்தார். படாக் மரத்தில் புதுச் சட்டம் வேண்டும். நான் பச்சை மரத்தில் சட்டம் போடுகிற ஆள் இல்லை. பச்சை மரம் முறுக்கும். “மரம் ஒரு வெயில் காலம் காயட்டும்” என்று சொல்லிப் படத்தை வாங்கி வைத்தேன். மரம் காய்வதற்குள் அவருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. கப்பலுக்கு முந்தின நாள் வந்தார்.

“அவசரப்பட்டுச் சட்டம் போடாதே. உன்கிட்டயே இருக்கட்டும். நான் வந்து வாங்கிக்கிறேன். பத்திரம்.”

“என் கைக்கு வந்தது எப்படி வந்துச்சோ அப்படியே திரும்பிப் போகும் டாக்டரய்யா.”

இதை நான் சும்மா சொல்லவில்லை. அந்தக் காலத்தில் என்னிடம் பத்திரம் இருந்ததா, பாங்கில் பணம் இருந்ததா? இந்த ஒரு பேச்சை வைத்துத்தான் எனக்குக் காண்ட்ராக்டே கிடைத்தது. கொடுத்த சாமான் கொடுத்தபடி திரும்பும் என்று அபர்டீன் பஜார் முழுக்க என் பெயர். ஆகவே சட்டம் போட்டதும் அந்தப் படத்தை மனைவியின் பழைய பருத்திப் புடவையில் சுற்றி, வீட்டிலேயே நல்ல இடமான மர அலமாரிக்குள் வைத்தேன். அலமாரிக்குள் சின்ன பல்ப் ஒன்று இரவும் பகலும் எரியும். இங்கே வசதியுள்ளவர்கள் வீட்டில் பட்டுப்புடவைக்கும் பத்திரங்களுக்கும் அப்படித்தான். அந்தச் சூட்டில் பூஞ்சை அண்டாது. சும்மா சும்மா திறக்கக் கூடாது என்று நானும் திறக்கவில்லை.

அறுபதுகளில் நான் எங்கேயோ போய்விட்டேன். சிமெண்டும் கம்பியும் வாங்க வருஷத்துக்கு இரண்டு தடவை மெட்ராஸ் போவேன். அப்படியே ஒரு பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி. பிரெஞ்சுக்காரக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்த காலம். பழைய சாமான் கடைகளில் கட்டில், குத்துவிளக்கு, பீங்கான் தட்டுக்கு நடுவே இந்தப் படங்கள் கிடக்கும். கடைக்காரனுக்கு என்ன தெரியும்? நான் அக்வாடின்ட்டைத் தூக்கிப் பிடித்து, “என்ன அண்ணாச்சி, பூஞ்சை புடிச்சதையெல்லாம் விக்கிறீங்க?” என்பேன். அவன் பயந்துபோய் விலையைக் குறைப்பான். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்த அதே பூஞ்சையை வைத்துத்தான் என் வீட்டுச் சுவரை நிறைத்தேன். மழையில் நிற்கும் குதிரை வண்டி, குளிக்கிற பெண், நாய், துறைமுகம்.

அப்படிப் போன ஒரு தடவை, ஒரு கடையில் பாலம் கிடைத்தது. அதே ஆறு, அதே குடைகள். டாக்டருடையது ஏழாவது, இது பத்தொன்பதாவது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரே தகட்டில் பிறந்த அண்ணன் தம்பி! கப்பலில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து, ஏழாம் நம்பரைப் புடவையிலிருந்து பிரித்துப் பக்கத்தில் வைத்தேன்.

பத்தொன்பதில் வானம் முழுவதும் ஒரே சாம்பல். ஏழில் வலது மூலையில், பாலம் முடிகிற இடத்துக்கு மேலே, கறுப்பாக ஒரு மேகம். பொடிப் பொடியாக, நடுவில் அடர்ந்து, ஓரத்தில் கரைந்து, அழகாகத்தான் இருந்தது.

“போச்சு” என்றாள் மனைவி. “டாக்டரய்யா படத்துல பூஞ்சை ஏறிருச்சு.”

“வாயைக் கழுவு. அது மை. இவனுக்கு மை தடவுன கை வேற, அவனுக்குத் தடவுன கை வேற.”

“நீங்க சட்டம் போட்ட அன்னைக்கு நாந்தானே என் புடவைய எடுத்துக் குடுத்தேன்? அப்ப மேகம் இல்ல.”

“நீ பாலத்தையே பாத்திருக்க மாட்ட.”

“பல்ப் போட்டு அலமாரிய இறுக்கிப் பூட்டுனா? கரண்டு போற நாள்லாம் உள்ள புழுங்கித்தானே கெடக்கும்? அந்தப் படம் சுவத்துல காத்தாட இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.”

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. டாக்டர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூலையையே பார்த்துக்கொண்டிருந்தால் சில நேரம் மை, சில நேரம் பூஞ்சை. பூதக் கண்ணாடி வாங்கி வந்து பார்த்தேன். புள்ளிகள் பெரிசாகத் தெரிந்தன, அவ்வளவுதான். துடைத்துப் பார்க்கலாம் என்றால், மையாக இருந்தால் டாக்டர் படத்தைக் கெடுத்தவன் நான். துடைக்காமல் விடலாம் என்றால், பூஞ்சையாக இருந்தால் அது பரவிப் பாலத்தையே தின்றுவிடும். மோந்து பார்த்தேன். அலமாரியில் கற்பூரம் போட்டிருந்ததால் கற்பூரம் மணத்தது.

அபர்டீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சிநேகிதரைக் கூட்டி வந்தேன். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். ஈரத்தில் கெட்ட துணியை இருட்டிலும் கண்டுபிடிப்பார்.

“அரே டேக்கேதார் சாப், யே தோ சீலன் ஹை!” என்றார் மூலையைத் தொட்டுக் காட்டி. டேக்கேதார் என்றால் காண்ட்ராக்டர், சீலன் என்றால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிப்பது. “என் கடை மல்மல் துணில இதே தாக், இதே கறைதான் வரும். பக்கா சீலன்.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பத்தொன்பதைக் காட்டினேன்.

“இதுவா? பூரா சீலன்! இது அதைவிட மோசம்.”

சுவரில் இருந்த துறைமுகத்தைக் காட்டினேன்.

“சீலன். இத்தனையும் சீலன் ஹை பாய்! காசு குடுத்தா வாங்குன?”

அவரை டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து எழுபதுகளில் டாக்டர் வருகிறவரை, வேலை ஓய்ந்த நேரமெல்லாம் எனக்கு அதே நினைப்பு. புயலுக்குக் கவலைப்படாதவன், கப்பல் வராமல் சிமெண்ட் இல்லாமல் நின்றபோது கலங்காதவன், ஒரு மூலைக்குப் பயந்தேன்.

டாக்டர் ஓய்வு பெற்றுப் பாண்டிச்சேரியில் வீடு கட்டிவிட்டாராம். கூடத்தில் பாலத்துக்கு என்று சுவரில் ஆணி அடித்துவிட்டுத்தான் கப்பலேறியிருக்கிறார். சாத்தாம் ஜெட்டியில் இறங்கியவரைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. கண் ஆபரேஷன் ஆகிச் சோடாப் புட்டிக் கண்ணாடி.

“என்ன மேஸ்திரி, பெரிய ஆளாயிட்டியாமே!”

அந்தமானில் என்னை இன்னும் நீ என்று கூப்பிட அவர் ஒருத்தர்தான் பாக்கி.

சாப்பாடு முடிந்ததும் இரண்டு படத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவர் குனிந்து, மூக்கு படத்தில் இடிக்கிற மாதிரி இரண்டையும் பார்த்தார்.

“எது என்னுது?”

“நம்பர்படி இது. ஏழு.”

“மூலைல என்ன கறுப்பா?”

“பூஞ்சைங்கய்யா” என்றாள் என் மனைவி அடுப்படி வாசலில் நின்றபடி. “அலமாரில போட்டுப் பூட்டி வச்சாரு. நான் சொன்னாக் கேக்குற ஆளா?”

“நீங்கதானே சொன்னீங்க டாக்டரய்யா, ஒண்ணுல கறுக்கும் ஒண்ணுல வெளுக்கும்னு?” என்றேன்.

“சொன்னேன். அது சரி, நீ சொல்லு. நான் உன் கையில குடுத்த அன்னைக்கு இது இருந்துச்சா, இல்லையா?”

இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கட்டாத கட்டடத்தைக் கட்டிவிட்டதாகப் பேசிக் காண்ட்ராக்ட் எடுத்தவன் நான். ஆனால் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு எனக்கு அது வரவில்லை.

“எனக்குத் தெரியல ஐயா.”

காய்ச்சலடிக்கிறதா என்று பார்ப்பதுபோல என் மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளாக என் வாயிலிருந்து அவள் கேட்டறியாத பேச்சு அது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கும் தெரியலப்பா” என்றார். “வருசக்கணக்காப் பாத்திருக்கேன். குடைங்க ஞாபகம் இருக்கு. மூலை ஞாபகம் இல்ல.” பிறகு பத்தொன்பதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எனக்கு இதைக் குடு. எங் கண்ணுக்கு இதுலதான் பாலம் தெளிவாத் தெரியுது.”

“அது உங்க நம்பர் இல்லையே.”

“நம்பரையா சுவத்துல மாட்டப் போறேன்?”

படாக் சட்டத்தைப் பிரித்துப் பத்தொன்பதுக்குப் போட்டுக் கொடுத்தேன். கப்பல் போய்விட்டது. என் கணக்கு மட்டும் தீரவில்லை. கண்ணுக்கு நல்லதைக் கொடுத்தாயிற்று, சரி. ஆனால் என் கையில் வந்தது ஏழு. போனது பத்தொன்பது. எப்படி வந்ததோ அப்படியே போகும் என்று சொன்னவன் நான்தானே? இரண்டும் அசல் என்றால் கொடுத்தது சரி. இரண்டும் அசல் என்றால் ஒன்று இன்னொன்று ஆகாது. இந்த இடத்தில் வந்து எனக்குச் சுற்றிக்கொண்டுவிடும்.

கொஞ்ச மாதம் கழித்து, லீவில் பாண்டிச்சேரி போய்த் திரும்பிய ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பட்டறைக்கு வந்தார்.

“டாக்டரம்மா ஒண்ணு கேட்டு வரச் சொன்னாங்க.”

“என்னவாம்?”

“படத்தை மாட்டுன அன்னைக்கே கேட்டாங்களாம். ‘மூலைல ஒரு மழை மேகம் இருந்துச்சே, எங்க? மேஸ்திரி தொடச்சுட்டாரா?’ன்னு. டாக்டரு மேகமே கெடையாதுங்கறாரு. வீட்டுல ஒரே ரகளை.”

கையில் இருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். “கேட்டியா! மேகம்! டாக்டரம்மாவே சொல்லிருச்சு, மேகம்!” என்றேன்.

“அந்தம்மாவுக்கும் வயசாச்சு” என்றாள் மனைவி, அரிசியிலிருந்து தலையைத் தூக்காமல். “பின்னிக்கிட்டே ஜன்னல் வழியாப் பாத்த மேகமா இருக்கும். இங்க மேகத்துக்கா பஞ்சம்?”

அதை நான் யோசிக்கவில்லை. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தது உண்மை. ஆனாலும் அடுத்த கப்பலிலேயே ஏழாம் நம்பரை இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டி, நானே எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா கட்டைப் பிரித்ததும் விரலை நேராக மூலைக்குத்தான் கொண்டுபோனார்.

“இதோ இருக்கே!” என்றார். “இதைப் பாத்துட்டுத்தானே நான் துணி காயப் போடலாமா வேணாமான்னு யோசிப்பேன்! படம்னு மறந்துபோய்.”

டாக்டர் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். “மேஸ்திரி, அது பூஞ்சையாவே இருந்தாலும் இனிமே அது மேகம்தான். சொல்லிட்டேன்” என்று காதோடு சொன்னார். அவர் எந்தப் பக்கம் பேசினார் என்று கப்பலில் திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தேன்.

ஆக, வந்தது வந்தபடி போய்விட்டது. என் வாக்கு நின்றுவிட்டது. பத்தொன்பது என்னிடமே திரும்பி வந்து ஜங்லிகாட் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. மேகம் இல்லாத அந்த மூலை இப்போது எனக்குத்தான் வெறிச்சென்று இருக்கிறது.

ஒவ்வொரு மழைக்கும் மனைவி ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்: “அவ்வளவு சந்தேகமா இருந்தா அதையும் அந்த அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிப் பாருங்களேன். மேகம் வருதா இல்லையான்னு தெரிஞ்சு போகும்.”

தெரிந்துதான் போகும். மேகம் வந்துவிட்டால், டாக்டரம்மா கையில் நான் கொண்டுபோய்க் கொடுத்தது பூஞ்சை. வராவிட்டால், இவ்வளவு காலம் இவள் சொன்னது தப்பு. அதை இவளிடம் யார் சொல்வது? அலமாரி பக்கத்து அறையில்தான் இருக்கிறது. பல்பும் எரிகிறது. படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.